அட்மிஷன் கவுண்டரில் இருப்பவருக்கு வருடா வருடம் எதற்குப் பயிற்சி?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் இனப்பெருக்கத்துக்கான 61 நாள் தடைக்காலம் அது. பிளஸ் டூ முடிவு வருவதும் அந்த நாட்களுக்குள்தான்: 2024இல் மே 6, 2025இல் மே 8. வீட்டில் வருமானம் நின்றிருக்கும் நேரம் பார்த்துப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வேண்டியிருக்கிறது. நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ பணத்தைப் புரட்டிக்கொண்டு, சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, ராமநாதபுரத்துக்கோ கீழக்கரைக்கோ பரமக்குடிக்கோ பஸ் ஏறுகிறார்கள். அங்கே அவர்கள் முதலில் பேசுவது அட்மிஷன் கவுண்டரில் இருக்கும் அலுவலரிடம்.

அவர் சொல்வதுதான் அந்தக் குடும்பத்துக்குச் சட்டம். "இந்தச் சான்றிதழ் செல்லாதும்மா" என்று அவர் சொன்னால் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி, கடைசித் தேதி நெருங்கும் பயம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. அவர் சொன்னது தவறாக இருந்தால்? போன வருட விதியை இந்த வருடம் சொல்லியிருந்தால்?

நான் இந்தக் கடற்கரையில் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், அவர்களை வேலைக்கு வைக்கும் நிர்வாகத்துக்கும், ஏன், பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோருக்கும்கூட இரண்டு விஷயங்கள் எளிதாகப் புரிய வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று, விதிகளுக்கு உட்பட்டு நடப்பது. அலுவலகங்களில் இதை 'இணக்கம்' என்கிறார்கள். இன்னொன்று, தொடர் பயிற்சி. இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தாலும் ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது.

இணக்கம் என்றால் என்ன?

சேர்க்கையில் செய்கிற ஒவ்வொரு காரியமும் அன்றைய தேதியில் நடப்பில் இருக்கும் விதிப்படி இருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுப்பது, சான்றிதழ் பார்ப்பது, இடம் ஒதுக்குவது, பணம் வாங்குவது, திருப்பித் தருவது எல்லாமே இதில் அடங்கும். அப்படி நடந்தோம் என்பதற்குக் கோப்பில் ஆதாரமும் இருக்க வேண்டும். இவ்வளவுதான் இணக்கம். இந்த விளக்கத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது 'அன்றைய தேதியில்' என்ற சொல். விதி ஓரிடத்தில் நிற்காது.

அந்த விதிகள் ஒரே இடத்திலிருந்து வருவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே நாடாளுமன்றமும் சட்டமன்றமும் இயற்றிய சட்டங்கள் இருக்கின்றன. அதற்குக் கீழே 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி. தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏஐசிடிஇ. அப்புறம் மாநில அரசின் அரசாணைகள், கல்லூரிக் கல்வி இயக்ககம், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆகியவற்றின் சுற்றறிக்கைகள். ராமநாதபுரம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்பதால் அந்தப் பல்கலைக்கழகத்தின் தகுதி விதிகளும் உண்டு. கடைசியாகக் கல்லூரி தானே அச்சடித்த தகவல் கையேடு. அதில் எழுதியதற்கும் கல்லூரி கட்டுப்பட்டதுதான். மாணவர் குறைதீர்ப்பு பற்றிய யுஜிசியின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, சேர்க்கை தொடங்குவதற்குக் குறைந்தது 60 நாட்களுக்கு முன்பே அந்தக் கையேட்டை வெளியிட்டுவிட வேண்டும்.

இத்தனை இடங்களிலிருந்து வருகிற தாள்களில் எது எப்போது மாறும் என்று கவுண்டரில் இருப்பவருக்கு யாரும் தனியாகச் சொல்லி அனுப்புவதில்லை. முதல்வரின் மின்னஞ்சலுக்கு வரும். அவர் அலுவலகக் கண்காணிப்பாளருக்கு அனுப்புவார். அங்கே பெரும்பாலும் நின்றுவிடும்.

கட்டணம் திருப்பித் தரும் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. 2018 அக்டோபரில் யுஜிசி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகை; அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம்; கடைசித் தேதி கடந்து 15 நாட்களுக்குள் 80 சதவீதம்; 30 நாட்களுக்குள் 50 சதவீதம்; அதன்பின் ஒன்றுமில்லை. முழுத் தொகை திரும்பும்போது மட்டும் செயலாக்கக் கட்டணமாக 5 சதவீதம் வரை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல் பிடிக்கலாம். இதை ஓர் அலுவலர் மனப்பாடம் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2022-23ஆம் கல்வியாண்டுக்கு யுஜிசி தனியாக வேறு கொள்கை அறிவித்தது: அக்டோபர் 31 வரை விலகினால் முழுத் தொகை, டிசம்பர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. 2024-25க்கு அந்தத் தேதிகள் செப்டம்பர் 30, அக்டோபர் 31 என்று இருந்தன. மனப்பாடம் செய்தவர் நல்லவர்தான், உழைப்பாளிதான். ஆனால் ஆகஸ்ட் மாதம் டிசி கேட்டு வந்த பையனிடம் 2018ஆம் ஆண்டுக் கணக்கில் பாதிப் பணத்தைப் பிடித்தால், அந்தப் பிடித்தம் விதிமீறல். அவருக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொன்று. பிசிஏ, பிபிஏ படிப்புகள் நீண்ட காலம் கலை அறிவியல் கல்லூரிகளில் பல்கலைக்கழக இணைப்போடு மட்டும் நடந்தன. 2024-25 முதல் அவற்றுக்கும் ஏஐசிடிஇ அனுமதி வேண்டும் என்று ஆனது. "இந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா சார்?" என்று ஒரு தகப்பனார் கேட்டால் எந்தத் தாளைக் காட்ட வேண்டும் என்பதே அந்த வருடத்தோடு மாறிவிட்டது.

தொடர் பயிற்சி என்பது இதற்குத்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது அறிமுகம். ஒவ்வொரு சேர்க்கைக் காலத்துக்கு முன்பும், நடுவிலும், முடிந்த பிறகும் மாறியதைப் படித்து, பேசி, பழகுவதுதான் தொடர் பயிற்சி.

சாதிச் சான்றிதழ்: இந்தக் கரைக்கென்றே சில கேள்விகள்

தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு என்பது எல்லோருக்கும் தெரியும். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18, அந்தப் பதினெட்டுக்குள் அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. எண்கள் சுவரில் ஒட்டியிருக்கும். சிக்கல் எண்களில் இல்லை. எதிரே நிற்கும் பிள்ளையின் சான்றிதழில் எழுதியிருக்கும் பெயர் எந்தப் பிரிவில் வருகிறது என்பதில்தான்.

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் மரைக்காயர், ராவுத்தர், லப்பை என்று சான்றிதழ் வரும். இவர்கள் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவு. 'முஸ்லிம் என்றால் எல்லாரும் ஒரே பிரிவு' என்று நினைத்துப் பெயரைப் பார்க்காமலே டிக் அடிக்கும் பழக்கம் ஒரு பக்கம். 'பிசி' என்று மட்டும் பார்த்துப் பொதுவான பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டுவிடுவது இன்னொரு பக்கம். இரண்டிலும் பிள்ளையின் தரவரிசை இடம் மாறிவிடும்.

மீனவர் குடும்பங்களில் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 'மீனவர்' என்ற பதிவு கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே அந்தோணி என்று பெயர் இருப்பதால் பிரிவு மாறாது. ஆனால் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம் என்றால் இடஒதுக்கீட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். ஒரே மதம், இரண்டு வேறு விதிகள்.

இங்கேதான் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெண். ஆதிதிராவிடக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா கூலி வேலை. நான் அவளைப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் சரியாகத்தான் பதிந்தேன். அத்தோடு நிறுத்தாமல், "பிசி ஆகிட்டதால எஸ்சி ஸ்காலர்ஷிப் உனக்கு வராதும்மா" என்றும் சொல்லிவிட்டேன். அவர்கள் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. முதல் வருடக் கட்டணம் முழுவதையும் அந்த மனிதர் தவணை தவணையாகக் கட்டினார். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை, கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடருக்கும் உண்டு. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போதும். இடஒதுக்கீட்டுப் பிரிவு ஒன்று, உதவித்தொகைத் தகுதி இன்னொன்று என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை. அடுத்த வருடம் வேறு ஒரு கல்லூரி அலுவலரோடு பேசியபோதுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அந்த அப்பாவின் முகம் ஒரு காரணம்.

2021இல் நடந்த இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். பட்டியல் சாதிகளில் ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவர நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்த ஏழில் கடையன் என்ற பெயரும் ஒன்று. ஆனால் ராமநாதபுரம் உட்பட ஏழு மாவட்டங்களின் கடலோரப் பகுதிகளில் இருக்கும் கடையருக்கு அந்தப் பெயர்மாற்றம் பொருந்தாது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ராமேஸ்வரம் தீவிலிருந்து ஒரு பையன் பழைய பெயரோடு சான்றிதழ் கொண்டுவந்தால் அது பழைய சான்றிதழ் அல்ல, சரியான சான்றிதழ். இதைச் சென்னையில் நடக்கும் பொதுப் பயிற்சியில் யாரும் எடுத்துச் சொல்லப் போவதில்லை. நம் ஊர்ப் பயிற்சியை நாமே தயாரிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சான்றிதழை யார் கொடுக்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் நிலையில் இருப்பவர்தான் வழங்க முடியும். மற்றவை வட்டாட்சியர் அலுவலகத்தில். லேமினேட் செய்த பழைய அட்டையோடு சிலர் வருவார்கள், இ-சேவையில் எடுத்த கியூஆர் குறியீட்டுத் தாளோடு சிலர் வருவார்கள், கைப்பேசியில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டுபவர்களும் உண்டு. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்கத் தெரியாமல் "தாசில்தார் கையெழுத்து மையில் இல்லையே" என்று திருப்பி அனுப்பிய கதைகள் நிறைய. டிஜிலாக்கரில் வழங்கப்பட்ட ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017லேயே மத்திய அரசின் விதி சொல்லிவிட்டது.

மண்டபம் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளை இன்னும் கவனமாக நடத்த வேண்டும். அவர்கள் கையில் இருப்பது முகாம் அடையாள அட்டை. சாதிச் சான்றிதழ் எங்கே என்று வரிசையில் எல்லோர் முன்னிலும் அதட்டக் கூடாது. அவர்களுக்கான வழிகாட்டுதல் தனி. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரையே 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றிவிட்டது. நம் விண்ணப்பப் படிவத்தில் இன்னும் பழைய சொல் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

ஒன்றுபோல் தெரியும் திட்டங்கள்

அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத இடங்கள் முன்னுரிமையில் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில். இதுவரை பார்த்தால் எல்லாம் ஒரே நிபந்தனை போலத் தெரியும்.

இல்லை. நம் கடற்கரையில் திருச்சபையும் முஸ்லிம் அறக்கட்டளைகளும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் பல உண்டு. அங்கே தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். புதுமைப் பெண் திட்டத்தை 2024-25இல் அவர்களுக்கும் விரிவாக்கினார்கள், தமிழ்ப் புதல்வனில் முதலிலிருந்தே உண்டு. ஆனால் 7.5 சதவீதத்தில் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. அதில் இன்னொரு நுணுக்கம்: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 8ஆம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீதம் உண்டு. "அரசுப் பள்ளியா? ஆமாவா இல்லையா?" என்ற ஒரே கேள்வியில் இதைத் தீர்க்க முடியாது. எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, எந்த வழி என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

முதல் பட்டதாரிச் சலுகையும் இதேபோல்தான். பொறியியலில் அது அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவருக்கு. நிர்வாக இடத்தில் சேர்ந்தவருக்குக் கிடைக்காது. சேர்ந்து பணம் கட்டிய பிறகு இதைச் சொல்வதில் என்ன பயன்? சேர்வதற்கு முன் சொல்ல வேண்டும்.

அசல் சான்றிதழ் யாருடையது?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாணவருடையது. 2018ஆம் ஆண்டு யுஜிசி அறிவிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: அசலை வாங்கிச் சரிபார்த்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, மாணவர் தானே கையொப்பமிட்ட நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அசலை வைத்துக்கொண்டு "மீதிப் பணத்தைக் கட்டிட்டு வாங்கிட்டுப் போ" என்று சொல்வது விதிமீறல். 2023 குறைதீர்ப்பு ஒழுங்குமுறையில், சான்றிதழைத் தர மறுப்பது புகாருக்குரிய குறைகளில் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. புகார் வந்தால் கல்லூரியின் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும்; அதிலும் தீராவிட்டால் பல்கலைக்கழக அளவில் குறைகேள் அலுவலர் இருக்கிறார்.

ஆனாலும் நடக்கிறது. நிர்வாகம் வற்புறுத்துகிறது, அலுவலர் செய்கிறார். ஒரு பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் இடம் கிடைத்து, அசல் சான்றிதழ் இன்னொரு கல்லூரி அலமாரியில் பூட்டிக் கிடந்ததால் அவள் போக முடியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அலமாரிச் சாவியை வைத்திருந்த தம்பிக்கு விதி தெரியாது. தெரிந்திருந்தால் "சார், இது கூடாதுன்னு எழுத்தில் இருக்கு" என்று ஒரு தாளை நீட்டியிருக்கலாம். பயிற்சி ஊழியருக்கு அறிவு மட்டும் தருவதில்லை, மேலதிகாரியிடம் மறுத்துப் பேச ஒரு பிடிமானமும் தருகிறது. என் அனுபவத்தில் இதுதான் பெரிய பயன்.

பணம் பற்றி இரண்டே வாக்கியம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. நன்கொடை என்ற பெயரில் இடத்துக்கு விலை வைப்பதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் வளைகுடாவில் இருக்கும் குடும்பங்களைக் குறிவைக்கிறார்கள் என்பதால் கீழக்கரைப் பக்கம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா ஊரில் இல்லை என்றால்?

"வாப்பா சபரில் இருக்காங்க", அதாவது அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்பது கீழக்கரைக் கவுண்டரில் அடிக்கடி கேட்கும் பதில். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வேறு ஒரு பதில் வரும், அதைக் கேட்கும்போது மனசு கனத்துவிடும்: "அப்பா இலங்கைச் சிறையில இருக்காங்க." பெற்றோர் கையெழுத்து கேட்கும் தாள்கள் சேர்க்கையில் பல உண்டு. ராகிங் தடுப்பு உறுதிமொழி அதில் ஒன்று. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997லேயே வந்தது. யுஜிசியின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை மாணவரும் பெற்றோரும் தனித்தனியாக உறுதிமொழி தர வேண்டும் என்கிறது. அதில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்று இருக்கிறது. அம்மா போடலாம். அம்மாவும் இல்லையென்றால் பொறுப்பாக இருக்கும் பெரியப்பாவோ தாய்மாமாவோ போடலாம். "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்வதற்கு முன் அந்தப் படிவத்தை ஒருமுறை படித்திருக்க வேண்டும்.

பெற்றோர் சம்மதம் பற்றி இன்னொரு புதிய சட்டமும் வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. அதில் 18 வயது நிறையாதவர் குழந்தை. அவருடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். பிளஸ் டூ முடித்து மே மாதம் வரும் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் பதினேழு வயதுதான் இருக்கும் போலத் தோன்றும். பிறந்த தேதியைப் பார்க்காமல் எப்படித் தெரியும்? நம் அலுவலகங்களில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆதார் அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். விண்ணப்பித்த பெண்களின் கைப்பேசி எண்கள் ஒரு எக்செல் கோப்பில் எல்லோருடைய கணினியிலும் கிடக்கின்றன. சேராமல் போனவர்களின் எண்களை வேறு ஒரு பயிற்சி மையத்துக்குக் கொடுப்பதும் நடக்கிறது. இது தவறு என்று சொல்ல ஒரு சட்டம் வரும்வரை காத்திருந்திருக்கக் கூடாது. ஆதாரைப் பொறுத்தவரை, சேர்க்கைக்கு அது கட்டாயம் இல்லை என்பது 2018 செப்டம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பொருள். அரசு உதவித்தொகை பெறும்போது கேட்கப்படுவது வேறு.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களும் வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. குறைபாடுகளின் பட்டியல் முன்பு இருந்த 7லிருந்து 21 ஆகியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளும் அதில் இருக்கின்றன. திருநர் சட்டம் 2019இல் வந்தது. படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம் இருந்தால் படிவத்தை மாற்ற வேண்டும்.

பயிற்சியை எப்படி நடத்துவது?

முதலில் காலம். நம் சேர்க்கை மே மாதம் சூடு பிடிக்கிறது. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கிய பிறகு பயிற்சி வைத்தால் யாரும் உட்கார மாட்டார்கள். பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் ஒரு முழு நாள்; தகவல் கையேடு அச்சுக்குப் போவதற்கு முன்பு. அதே நாளில் கையேட்டின் வரைவையும் எல்லோரும் சேர்ந்து வாசித்துவிடலாம். இரண்டாவது, மே, ஜூன் மாதங்களில் வாரம் ஒரு அரை மணி நேரம், மாலை கவுண்டர் மூடிய பிறகு. அந்த வாரம் வந்த குழப்பமான ஐந்து விண்ணப்பங்களை மேஜையில் போட்டுப் பேசுவது. மூன்றாவது, அக்டோபரில் ஒரு நாள்: எத்தனை பேருக்குப் பணம் திருப்பினோம், எத்தனை நாளில் திருப்பினோம், யார் புகார் செய்தார்கள், ஏன்.

அடுத்து, யார் யார் உட்கார வேண்டும். கண்காணிப்பாளர், எழுத்தர், கணினி இயக்குபவர், சேர்க்கைக் குழுவில் இருக்கும் பேராசிரியர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். வாசலில் இருக்கும் காவலரையும் சேருங்கள் என்பேன். "அட்மிஷன் முடிஞ்சு போச்சு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கணக்கில் வருவதே இல்லை. இரண்டு மாதத்துக்கு மட்டும் வைக்கும் தற்காலிக ஊழியர்களும் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் மாணவத் தொண்டர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். கூட்டத்தில் அதிகம் பேசுவது அவர்கள்தான்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது? சுற்றறிக்கையை மைக்கில் வாசித்தால் மதிய சாப்பாட்டோடு மறந்துவிடும். பெயரை மறைத்த பழைய விண்ணப்பங்களைக் கையில் கொடுத்து, "இந்தப் பிள்ளைக்கு என்ன பிரிவு, என்ன சலுகை, என்ன தாள் குறைகிறது?" என்று கேட்க வேண்டும். பத்து விண்ணப்பம் போதும். அப்புறம் நடித்துப் பார்ப்பது. ஒருவர் கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாவாக வரட்டும், இன்னொருவர் கவுண்டரில் உட்காரட்டும். அந்த அம்மா வருமானச் சான்றிதழ் இல்லாமல் வந்திருக்கிறார். மாத வருமானம் எவ்வளவு என்று அவருக்கே சொல்லத் தெரியாது, கடல் கொடுக்கிற நாளில் உண்டு, இல்லாத நாளில் இல்லை. அவரை எந்த அலுவலகத்துக்கு, என்ன தாளோடு, எந்தத் தேதிக்குள் அனுப்புவது என்று சொல்லிப் பழக வேண்டும். வாயால் சொல்வது போதாது, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தை எல்லோரும் பயமில்லாமல் சொல்லப் பழக வேண்டும்: "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன், உங்கள் எண்ணைக் கொடுங்கள்." நம் அலுவலகங்களில் தெரியாது என்று சொல்வதைக் குறையாக நினைக்கிறோம். அதனால்தான் ஊகித்துப் பதில் சொல்கிறோம். கேட்டுச் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். விதிகளுக்குப் பொறுப்பான ஒருவரை நிர்வாகம் பெயர் குறிப்பிட்டு நியமிக்க வேண்டும். யுஜிசி, ஏஐசிடிஇ, உயர்கல்வித் துறை, பல்கலைக்கழகம் ஆகிய நான்கின் இணையதளத்தையும் வாரத்துக்கு ஒருமுறை அவர் பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதி வைப்பதும் பயிற்சியின் பாதிதான். எந்தத் தேதியில் என்ன சொல்லிக்கொடுத்தோம், யார் வந்தார்கள், யார் வரவில்லை, வராதவருக்கு எப்போது சொன்னோம். புகார் ஒன்று குறைதீர்ப்புக் குழுவுக்குப் போனால் முதலில் கேட்கப்படும் கேள்வி, "உங்கள் ஊழியருக்கு இது தெரியுமா?" என்பதுதான். பதிவேடு இருந்தால் பதில் இருக்கும். சுவரில் ஒட்டும் ஒவ்வொரு அறிவிப்பிலும் கல்வியாண்டையும் தேதியையும் போடுங்கள். போன வருடத் தாள் இந்த வருடமும் ஒட்டியபடியே இருப்பதால் வருகிற தவறுகள் கொஞ்சநஞ்சமல்ல.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. சிறிய கல்லூரி, சேர்க்கைப் பிரிவில் இரண்டே பேர் என்றால் ஒரு நீள நோட்டு போதும். இடது பக்கம் விதி, அது வந்த தேதி, எங்கிருந்து வந்தது. வலது பக்கம் அந்த விதியால் கவுண்டரில் என்ன மாறுகிறது என்பது, ஒரே வரியில், பக்கத்தில் இருவர் கையெழுத்தும். மாறினால் பழைய வரியைக் கிழிக்காமல் கோடு போட்டு அடித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். என் நோட்டில் முதல் பக்கத்து முதல் வரி, கிறிஸ்தவ ஆதிதிராவிடர்: இடஒதுக்கீடு பிற்படுத்தப்பட்டோர், உதவித்தொகை ஆதிதிராவிடர் நலத்துறை, சேரும் அன்றே சொல்லவும்.